தங்கம் மாமியின் தரமுத்திரை

மின்சாரத்தைவிட ஆபத்தானது ஒன்று இருக்கிறது. மின்சாரம் பற்றிப் புதிதாகச் சான்றிதழ் எடுத்த ஆள். மின்சாரம் நாம் போய்த் தொட்டால்தான் அடிக்கும். சான்றிதழ் எடுத்தவர் வீடு தேடி வந்து அடிப்பார். இதை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. இருபத்தொரு வயதில் அந்த ஆளே நான்தான்.

தொழிற்பயிற்சி நிலையத்தில் வயரிங் வேலை படித்த எங்கள் வகுப்பில் பதினெட்டுப் பொடியன்கள், ஒரு பொம்பிளைப் பிள்ளை. அந்தப் பொம்பிளைப் பிள்ளை சோதனையில் முதலாவதாக வந்து தொலைத்ததில்தான் எல்லாக் கேடும் தொடங்கியது. அப்பா என் சான்றிதழுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். அன்றிலிருந்து ஊரில் ஒரு வீட்டுக்கும் என்னால் சும்மா போய்வர முடியவில்லை. தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டால் தேத்தண்ணி ஆறிப்போகும். நான் சுவரடியில் குந்தியிருந்து பிளக் பேஸைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் பக்கத்தில் ஈர்க்கு என்றொரு மின்சாதனம் உண்டு. (சிரிக்க வேண்டாம். உங்கள் வீட்டிலும் இருக்கும்.) சுவரில் உள்ள பிளக் பேஸில் மூன்று சதுரத் துவாரம். கடையில் வாங்குகிற, வெளிநாட்டிலிருந்து கொண்டுவருகிற சாமான்களில் பாதிக்கு இரண்டு உருண்டைக் கால். சும்மா சொருகினால் போகாது. மேல் துவாரத்துக்குள் ஒரு துண்டு ஈர்க்கை விட்டு அமத்தினால் கீழ்த் துவாரம் இரண்டும் வாயைத் திறக்கும். உடனே உருண்டைக் காலைச் சொருகிவிடலாம். விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்கொன்று பிளக் பேஸுக்குப் பக்கத்தில் நிரந்தரமாகக் கிடக்காத வீட்டை நான் பார்த்ததில்லை. நான் போகிற வீடெல்லாம் அதைப் பறிமுதல் செய்தேன். ஊரில் எனக்கு ‘ஈர்க்குப் பொலிஸ்’ என்று பெயர் வந்தது.

எங்கள் வீட்டிலேயே குற்றவாளி இருந்தார். அப்பா வாவியில் மீன் பிடிக்கிறவர். போனுக்குச் சார்ஜ் ஏற்ற ஈர்க்கோடு நின்றவரை ஒரு நாள் கையும் மெய்யுமாகப் பிடித்தேன்.

“அப்பா, அது புவித்தொடுப்புத் துவாரம். அதுக்குள்ள ஒண்டும் விடப்படாது.”

“என்ன துடுப்பு?”

“துடுப்பில்ல அப்பா, தொடுப்பு. புவித்தொடுப்பு. எர்த்.”

“துடுப்பு தோணிக்கெல்லா வேணும். பிளக்குக்கு என்னத்துக்குப் புள்ள?” என்று கேட்டுவிட்டு ஈர்க்கை அமத்தினார்.

இவ்வளவு அட்டகாசம் பண்ணிய எனக்கு வேலை மட்டும் கிடைக்கவில்லை. பதினெட்டுப் பொடியன்களும் எங்கெங்கோ சேர்ந்துவிட்டார்கள். சோதனையில் என்னைப் பார்த்து எழுதியவன்கூடக் கல்முனையில் வேலை செய்தான். நான் மட்டக்களப்பு டவுனில் இருந்த பரமலிங்கம் சேரிடம் நடையாய் நடந்தேன். வீட்டு வயரிங்கைச் சோதித்து அறிக்கையில் கையெழுத்துப் போடும் அனுமதி உள்ளவர் அவர். அந்தக் கையெழுத்து இல்லாமல் புது வீட்டுக்கு மீட்டர் வராது. கோயிலுக்குப் போனாலும் சட்டைப் பையில் டெஸ்டர் குத்திக்கொண்டு போகிற மனிதர். பேசுவதும் குறைவு. எல்லாவற்றுக்கும் “ம்” என்பார். அதிலேயே திட்டும் இருக்கும், பாராட்டும் இருக்கும்.

மூன்றாவது கிழமை என் முகத்தைப் பார்த்து அவருக்கே அலுத்துவிட்டது.

“சரி. ஒரு வீடு தனியச் செய்து காட்டு. ஆக்கள் நிறைஞ்சு, லைட்டும் பேனும் எல்லாம் ஓடிக்கொண்டிரிக்கக்க நான் வந்து பாப்பன். ஒரு பிழையும் இல்லாட்டி அடுத்த திங்கள் வேலைக்கு வா.”

“பிழை இரிந்தா சேர்?”

“அப்பாட தோணியில போ.”

அந்த ஒரு வீட்டுக்கு எங்கே போவது? கரண்ட் வேலையை ஒரு பெட்டைக்குக் கொடுக்க யார் துணிவார்கள்? துணிந்தது தங்கம் மாமி. அப்பாவின் தங்கச்சி. ஒன்பது வருடம் குவைத்தில் ஒரு வீட்டுக் குசினியில் நின்று, கொக்கட்டிச்சோலைப் பக்கம் மகளுக்கு ஒரு கல்வீடு கட்டியவ. (எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேருவார்.) சொந்தக்காரர் எல்லாரும் வேண்டாம் என்று தடுத்தார்கள். மாமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “என்ட மருமகள் இழுக்கிற வயர்தான் என்ட வீட்டில ஓடும். பயமெண்டா வராதீங்க, இருட்டில இரிங்க” என்றா. அந்த ஒரு வார்த்தைக்காக மாமிக்கு நான் என் காலம் முழுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு அவ செய்தவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் கணக்கு அவ பக்கம்தான் கூடுதல்.

வேலையை நான் நன்றாகவே செய்தேன். அதைச் சொல்ல வெட்கமில்லை. அதிலும் ட்ரிப் சுவிச்! கரண்ட் போகவேண்டிய வழியை விட்டு ஆளின் உடம்புக்குள்ளோ ஈர நிலத்துக்குள்ளோ கொஞ்சம் கசிந்தாலும், கண்ணை மூடித் திறக்கமுன் வீடு முழுவதையும் நிறுத்திவிடுகிற பெட்டி அது. அதைப் பூட்டிவிட்டு ஐந்து நிமிடம் நின்று பார்த்தேன். துடைத்தும் விட்டேன். பரமலிங்கம் சேர் அறிக்கையில் கையெழுத்து வைத்தார், மீட்டர் வந்தது, புது வீட்டில் பால் காய்ச்சிக் குடிபுகுகிற குடிபூரலுக்கு ஒரு வெள்ளிக்கிழமை நாள் பார்த்தார்கள். அன்றுதான் சேர் வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

இனிக் கிரைண்டர்.

மாமி குவைத்தை விட்டு வரும்போது வீட்டுக்கார மெடம் பரிசாகக் கொடுத்த கிரைண்டர் அது. உடம்பெல்லாம் பளபளவென்று இரும்பு, நாலு இரும்புக் கால். புது வீட்டில் குடிபூரலன்று அந்தக் கிரைண்டரில் உளுந்து அரைத்து வந்தவர்களுக்கெல்லாம் வடை கொடுப்பது மாமியின் ஒன்பது வருடக் கனவு. நானோ நாட்டுத் தரமுத்திரையான எஸ்.எல்.எஸ். இல்லாத ஒரு சாமானும் இந்த வீட்டில் சொருகப்படாது என்று சட்டம் போட்டிருந்தேன்.

“ஒம்பது வருசம் இதிலதான் அரைச்ச. நான் என்ன செத்தா போன?” என்று மாமி கிரைண்டரைக் கவிழ்த்து அடியைக் காட்டினா. “இஞ்ச பார், சீ.ஈ. எண்டு போட்டிரிக்கி. ஐரோப்பாக்காரன் பாஸ் பண்ணின சாமான்.”

நான் அடிமட்டம் எடுத்து வந்து அளந்தேன். (ஓம், அளந்தேன். அப்படி ஒரு ஆள்தான் நான்.) “இந்த ரெண்டெழுத்துக்கும் நடுவில இடைவெளி காணாது மாமி. இது கள்ளச் சீ.ஈ.”

“எழுத்துக்கு நடுவில இடம் காணாதெண்டா கிரைண்டர வேணாமெங்கிறாய்? ரெண்டும் நெருங்கி இரிந்தா உனக்கென்ன கா?”

“எஸ்.எல்.எஸ். இரிந்தா சொருகுங்க. இல்லாட்டி அம்மியில அரைங்க. அவ்வளவுதான்.”

மாமி கிரைண்டரை நிமிர்த்தி வைத்தா. பிறகு, “எஸ்.எல்.எஸ். தானே வேணும்?” என்றா, மிகவும் அமைதியாக. தங்கம் மாமி அமைதியாகப் பேசினால் ஓடித் தப்ப வேண்டும் என்று எங்கள் குடும்பத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அன்று தெரியவில்லை. சான்றிதழ் கண்ணை மறைத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை குசினிக்குள் போனேன். கிரைண்டரின் பிடிக்குக் கீழே, கண்ணாடி டேப்பால் அழகாக ஒட்டிய ஒரு சின்னக் கடதாசி. அதில் எஸ்.எல்.எஸ். முத்திரை, அசல் முத்திரை. எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. எங்கே கிடைத்தது, யார் கொடுத்தது, குவைத்துக் கிரைண்டருக்கு இலங்கை முத்திரை எப்படி வந்தது, ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்குக் கவனிக்காமல் விட்டுவிட்டேனாக்கும் என்று என்னையே கடிந்துகொண்டேன். மாமியைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். மாமியும் ஆட்டினா.

வாசலில் மூன்று கல் வைத்துப் புதுப் பானையில் பால் ஏற்றினார்கள். பால் பொங்கி வழிகிற நேரம் குரவை போடவேண்டும் என்று பெண்கள் பானையைச் சுற்றி நின்றார்கள். நாக்கைச் சுழற்றி “லுலுலுலு” என்று எழுப்புகிற அந்தச் சத்தம் இல்லாமல் எங்கள் பக்கத்தில் ஒரு நல்ல காரியமும் நல்லகாரியம் ஆகாது. ஸ்பீக்கரில் பிள்ளையார் பாட்டு. வீடு முழுக்க நான் போட்ட வெளிச்சம். எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

திடீரென்று பிள்ளையார் பாட்டு பாதிச் சொல்லில் நின்றது. பேன் நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தால் ட்ரிப் சுவிச் விழுந்து கிடக்கிறது. தூக்கிவிட்டேன். பாட்டு வந்தது. இரண்டு நிமிடத்தில் மறுபடி விழுந்தது.

“பொம்பிளைப் புள்ள வயர் இழுத்தா கரண்டுக்கும் வெக்கம் வரும்போல. வந்து வந்து ஒளிக்கி” என்றார் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒரு கிழவர். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், அது இன்னும் மோசம்.

மூன்றாம் தரம் விழுந்ததும் குசினிக்கு ஓடினேன். “மாமி, இப்ப என்னத்தப் போட்ட நீங்க?”

“கிரைண்டர்தான். வேறென்ன?”

கிரைண்டரைப் பார்த்தேன். முத்திரை என்னைப் பார்த்தது. முத்திரை உள்ள சாமான் பிழை செய்யுமா? செய்யாது. எனவே கிரைண்டர் நிரபராதி. வாசலில் மின்னிய சோடனை பல்புகளைக் கழற்றினேன். குளிர்சாதனப் பெட்டியைக் கழற்றினேன். ட்ரிப் சுவிச் மறுபடி விழுந்தது. ஒவ்வொரு சாமானாகக் கழற்றிச் சோதித்தால் பத்து நிமிடத்தில் கள்ளனைப் பிடிக்கலாம் என்று எனக்குத் தெரியும். சோதனையில் அந்தக் கேள்விக்கு முழுப் புள்ளி வாங்கியவள் நான். ஆனால் பத்து நிமிடம் இல்லை. பரமலிங்கம் சேரின் கார் வாசலுக்கு வந்துவிட்டது.

அப்போது நான் செய்ததை எழுத இன்றைக்கும் கை கூசுகிறது. மெயின் சுவிச்சை அமத்தினேன். இரண்டு துண்டு வயர் எடுத்து, நுனி சீவி, ட்ரிப் சுவிச்சுக்கு மேலேயிருந்து கீழே ஒரு குறுக்குப் பாதை போட்டேன். இனிக் கரண்ட் எங்கே கசிந்தாலும் ட்ரிப் சுவிச்சுக்கு ஒன்றும் தெரியாது. மூடியைத் திருப்பிப் பூட்ட நேரமில்லாமல், கதவுக்குக் கட்டியதில் மிஞ்சிய மாவிலைத் தோரணத்தைப் பெட்டிக்கு முன்னால் தொங்கவிட்டேன். மெயினைப் போட்டேன். பிள்ளையார் பாட்டு வந்தது, நிற்கவேயில்லை. ஊருக்கெல்லாம் ஈர்க்குக்குச் சட்டம் சொன்ன பொலிஸ், நாலு நிமிடத்தில் வீட்டின் உயிர்க்காவலைக் கழற்றி வைத்துவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “வாங்க சேர்” என்று சிரித்தது.

சேர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பையில் டெஸ்டர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அறை அறையாகப் போனார். சுவிச்சைப் போட்டார், அமத்தினார். “ம்” என்றார். அடுத்த அறையிலும் “ம்.” எல்லாம் நல்ல ம். நான் எண்ணிக்கொண்டே பின்னால் போனேன். ஐந்தாவது ‘ம்’மோடு திங்கட்கிழமை எந்தச் சட்டை போடுவது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

கடைசியாகக் குசினி. கிரைண்டர் கடகடவென்று ஓடுகிறது. நிலமெல்லாம் உளுந்து கழுவிய தண்ணீர். மாமி ரப்பர்ச் செருப்போடு நின்று, பிளாஸ்டிக் பிடியைப் பிடித்து அரைக்கிறா. (குசினிக்குள் செருப்பு என்பது குவைத்தில் பழகிய பழக்கம். ஒன்பது வருடமாக மாமி உயிரோடு இருந்ததன் இரகசியமும் அதுதான்.)

“சேர், நல்ல நேரத்தில வந்தீங்க” என்றா மாமி. “இந்தப் புள்ள என்ட கிரைண்டர ஒரு மாசமாக் குறை சொல்லிக்கொண்டு இரிக்கி. நீங்க பெரிய ஆள், நீங்களே பாத்துச் சொல்லுங்க.”

சேர் குனிந்தார். கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். “எஸ்.எல்.எஸ். இரிக்கே! பேந்தென்ன குறை?”

நானும் அப்போதுதான் அந்தக் கடதாசியைக் கிட்டத்தில் பார்த்தேன். முத்திரைக்குப் பக்கத்தில், கத்தரிக்கோலுக்குத் தப்பிய ஒரு சின்னப் படம். மீன்வால்.

எஸ்.எல்.எஸ். முத்திரை ஹெல்மெட்டிலும் இருக்கும், தண்ணீர்ப் போத்தலிலும் இருக்கும். தகரத்தில் அடைத்து விற்கிற ரின்மீனிலும் இருக்கும்.

“சேர்ர்ர்!” என்று நான் வாயைத் திறக்கமுன், தொழில் தெரிந்தவர்கள் செய்வதுபோலப் பின்கையால் கிரைண்டரின் வயிற்றில் ஒரு தட்டுத் தட்டினார், வெறுங்காலோடு, ஈர நிலத்தில் நின்று.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது? ஐம்பத்தைந்து வயது, கனத்த குரல், “ம்” தவிர வேறொன்றும் பேசாத வாய். அதிலிருந்து கீச்சென்று, நீளமாக, நடுங்கி நடுங்கி “ஊலுலுலுலுலூ” என்று ஒன்று கிளம்பிற்று. கை உதறிக்கொண்டு விலகியது. சேர் பின்னால் இரண்டு அடி போய், ஊறவைத்த உளுந்துச் சட்டிக்குள் வேட்டியோடு இருந்தார்.

வாசலில் இருந்த பெண்களுக்குக் குசினி தெரியாது. சத்தம் மட்டும் கேட்டது. யாரோ முந்திவிட்டாள், பால் பொங்கிவிட்டது! அவ்வளவுதான், இருபது பேரும் சேர்ந்து “லுலுலுலுலு” என்று எடுத்தார்கள் பாருங்கள், கூரை அதிர்ந்தது. குரவை கேட்ட ஐயர் அவசரமாக மணியை அடித்துத் தீபம் காட்டினார். மூன்று தரம் குரவை போட்டு முடித்த பிறகுதான் யாரோ பானைக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். பாலில் ஆடைகூட வரவில்லை.

நான் மெயினை அமத்திவிட்டு ஓடிவந்தேன். சேர் உளுந்துக்குள் இருந்தபடி கையை விரித்து, மடக்கி, விரல்களை எண்ணிக்கொண்டிருந்தார். பின்கை என்றபடியால் கை தானாக உதறி விலகிற்று. உள்ளங்கையால் பிடித்திருந்தால் விரல் இறுகி, விடுபட முடியாமல் போயிருக்கும். ட்ரிப் சுவிச் இருந்திருந்தால் அந்தக் கணமே காப்பாற்றியிருக்கும். காலையிலிருந்து அது விழுந்து விழுந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அதன் வாயை அடைத்தது நான். ஒரு திங்கட்கிழமைக்காக ஒரு மனிதரைக் கொல்லப் பார்த்தேன்.

சேர் எழுந்தார். வேட்டியில் ஒட்டிய உளுந்தோடு விசாரணையைத் தொடங்கினார். முதலில் கிரைண்டரில் இருந்த கடதாசியை நகத்தால் கிளப்பி எடுத்தார்.

“இது ஆரு ஒட்டின?”

“நான்தான் சேர்” என்றா மாமி, தலையை நிமிர்த்தி. “ரின்மீன்ல இரிந்து வெட்டி எடுத்த. அதுவும் அரசாங்க முத்திரைதானே? மீனுக்கு நல்லதெண்டா கிரைண்டருக்கு நல்லதில்லையா?”

அடுத்து வயர் போன வழியே போய், சுவரில் சாத்தி வைத்திருந்த சுளகை விலக்கினார். பிளக் பேஸின் மேல் துவாரத்தில், என் வீட்டில், என் கையால் பூட்டிய பிளக் பேஸில், ஒரு ஈர்க்கு. கிரைண்டரின் பிளக்குக்கு இரண்டே இரண்டு உருண்டைக் கால்.

“இது?”

“அதுவும் நான்தான்.”

கடைசியாக மெயினடிக்கு வந்தார். மாவிலையை விலக்கினார். கூட்டமெல்லாம் பின்னால் வந்து நின்றது.

“இது ஆரு செய்த?”

மாமி என் முகத்தை ஒருதரம் பார்த்தா. “நான்தான்” என்றா. “குவைத்தில பழகின வேல சேர்.”

சேர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னும் கிட்டப் போனார். “பெரிய பிழை. ஆள் சாகிற பிழை” என்றார். பிறகு குரல் மாறியது. “ஆனா கை சுத்தம். பிறவுணுக்குப் பிறவுண், புளூவுக்குப் புளூ. நுனி எவ்வளவு அளவாச் சீவியிரிக்கி பாருங்க, ஒரு கம்பி வெளியில தெரியல்ல. களவு வேலையக்கூட இவ்வளவு நேர்த்தியாச் செய்திரிக்கீங்க. என்னட்ட வேல செய்யிற பொடியனுகள் ஒருத்தனும் இப்பிடிச் செய்யமாட்டான். தங்கம், நீங்க ஆர்ட்டப் படிச்ச?”

மாமி கூச்சத்தோடு முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டா. “அதெல்லாம் தானா வாறதுதானே சேர்” என்றா.

அப்போது நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் தப்பியிருப்பேன். சொந்தக்காரர்கள் நான் நேர்மையான பிள்ளை என்று இன்றும் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது நேர்மையில்லை. சுத்தமான பொறாமை. ஈர்க்குச் சொருகிய கை என் வேலைக்குப் பாராட்டு வாங்குவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

“அது நான் செய்த!” என்று கத்திவிட்டேன். “மாமிக்குப் பிறவுணும் தெரியாது, புளூவும் தெரியாது!”

“விசர் புள்ள” என்று மாமி தலையில் அடித்துக்கொண்டா. வாசலில் பால் இப்போதுதான் பொங்கி வழிந்தது. அங்கே ஆளில்லை. அப்பா மட்டும் நின்றாராம். குரவை போடத் தெரியாத மனிதர், என்ன செய்வதென்று அறியாமல் கைதட்டினாராம்.

சேர் எல்லாரையும் போகச் சொன்னார். நானும் அவரும் மாவிலையும் மட்டும்.

“தெரியாமச் செய்தாயா?”

“இல்ல சேர். தெரிஞ்சுதான் செய்த.”

“தெரியாமச் செய்யிறவன விட நீ மோசம்.”

“ஓம் சேர்.”

“திங்கள் வராத.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வெட்கமில்லாமல் அழுதேன். அவர் சட்டைப் பையில் டெஸ்டரைத் தேடினார். அது உளுந்துக்குள் கிடந்தது.

“செவ்வாய் வா” என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“திங்கள் நான் கடைக்கு வரமாட்டன். இந்தக் கதை டவுன் முழுக்கப் போயிரிக்கும். செவ்வாய் வா. ஆனா ஒரு வருசத்துக்கு வயர்ல கை வைக்கப்படாது. மத்தவன் செய்த வீட்டில என்ன களவு நடந்திரிக்கி எண்டு பாத்துச் சொல்லுறதுதான் உன்ட வேல. களவு எங்க ஒளிக்கும் எண்டு உனக்குத் தெரியும்தானே.” வாசலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “இன்னொண்டு. அந்தச் சத்தம் போட்டது…” என்றார்.

“எந்தச் சத்தம் சேர்?”

“ஆ. அப்பிடித்தான் கேக்கணும்.”

அவர் என்னை வேலைக்கு எடுத்தது என் கைச் சுத்தத்துக்கா, என் வாயை அடைக்கவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வாய்க்காகத்தான் இருக்கும். ஒரு வருடம் முடிந்தும் நான் சோதிக்கிற வேலையை விடவில்லை. வாழைச்சேனையிலிருந்து களுவாஞ்சிக்குடி வரை எத்தனையோ வீட்டுக்குப் போயிருக்கிறேன். உள்ளே போனதும் முதல் வேலையாக மெயினடியில் தொங்குகிற கலண்டர், சாமிப்படம், பிளாஸ்டிக் பூமாலை எதுவென்றாலும் தூக்கிப் பார்ப்பேன். வீட்டுக்காரர் முகம் சிவக்கும். முத்திரையைக் கண்டால் இலக்கத்தையும் வாசிப்பேன். கிரைண்டரில் இருந்தது தகரத்தில் அடைத்த மீனுக்குரிய இலக்கம் என்று பிறகு பார்த்துத் தெரிந்துகொண்டேன். கிரைண்டருக்கு மூன்று கம்பி வயர் போட்டு, உள்ளே கரண்ட் கசிந்த இடத்தையும் அடைத்துக் கொடுத்தது நான்தான். மாமி இன்னும் அதில்தான் அரைக்கிறா.

நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆனால் குசினிக்குள் மாமியும் நின்றா என்பதைச் சேர் மறந்துவிட்டார். இரகசியம் ஒரு கிழமைகூடத் தாங்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் பிறந்த பிள்ளைக்குத் தொட்டில் போட்டாலும், ஒருத்தி பெரியபிள்ளையானாலும், குரவை எடுக்கிற நேரம் எவளாவது ஒருத்தி சொல்லுவாள்: “பொறுங்க கா, சேர் தொடங்கட்டும்.”

என் கல்யாணத்துக்கு அவர் வந்திருந்தார். முன் வரிசையில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். தாலி கட்டுகிற நேரம் மேளம் கொட்ட, எல்லாப் பெண்களும் வாயைத் திறந்து, குரவையைத் தொடங்காமல், ஒன்றாகத் திரும்பி அவரைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை தாலியைப் பிடித்தபடி விழித்துக்கொண்டு நின்றார். பரமலிங்கம் சேர் இரண்டு காலையும் கதிரைக்கு மேல் தூக்கி வைத்து, இரண்டு கையையும் உயர்த்திக் காட்டினார்.

“நான் ஒண்டையும் தொடல்ல!”